ரோடு பைக்குக்கு நீடித்து உழைக்கும், கொடுக்கும் காசுக்குத் தகுந்த சக்கரங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: உங்கள் எடை 88 கிலோ; ரிம் பிரேக்கும் (சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மைக் கட்டைகள் அழுத்தி நிறுத்துவது) 10 வேக கியரும் உள்ள ரோடு பைக்கில் வாரம் 150 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்; பைக்குடன் வந்த 24 கம்பிப் பின்சக்கரத்தில் ஓராண்டுக்குள் மூன்று முறை கம்பி (ஸ்போக்) அறுந்துவிட்டது; 25,000 ரூபாய்க்குள் ஒரு ஜோடி வாங்க வேண்டும், மலிவான கார்பன் சக்கரம் வாங்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. நானும் ஏறத்தாழ உங்கள் எடைதான், சென்னையில் ஓட்டுகிறேன், இதே விஷயத்தில் ஒருமுறை காசை விட்டவன். என் பதில்: கார்பன் வேண்டாம். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் சாதாரண ஹப் (சக்கரத்தின் நடு உருளை), அலுமினிய ரிம், பக்கத்துக்குப் 16 வீதம் 32 கம்பிகள். இவற்றைக் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுத்துக் கட்டி வாங்குங்கள். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் 300 கிலோமீட்டர் பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஒன்றில் கலந்துகொண்டேன். அதற்கு 20 மணி நேரம் அவகாசம். இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பி, இரண்டு மணி சுமாருக்கு மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடியே ரிம் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால் வலப்பக்கக் கம்பி ஒன்று ஹப்பின் ஓரத்திலேயே அறுந்து தொங்குகிறது. மொத்தம் 24 கம்பிகள்தான் இருந்ததால், ஒன்று போனதும் ரிம் விரலளவு கோணிவிட்டது. பின்பிரேக்கை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, முன்பிரேக்கை மட்டும் நம்பிப் புதுச்சேரி வரை மெல்ல ஓட்டினேன். காலையில் மூன்று கடைகள் ஏறி இறங்கியும் அந்தக் கம்பி கிடைக்கவில்லை. தலைப்பக்கம் வளைவில்லாத, தட்டையான, அந்தச் சக்கரத்துக்கென்றே செய்த கம்பி அது. சைக்கிளை பஸ் டிக்கியில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். கம்பி வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று.

அதைக் கோத்துக் கொடுத்தவர் வடசென்னையில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். சக்கரத்தைக் கையில் வாங்கியதும் அவர் கோட்டம் பார்க்கவில்லை. வீணைத் தந்தியை மீட்டுவதுபோல ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் தட்டிக்கொண்டே வந்தார். ஒரே பக்கத்துக் கம்பிகளிலேயே ஒன்று கணீரென்றும் அடுத்தது மந்தமாகவும் ஒலித்தது. “தம்பி, உங்க எடையால இது உடையல. தொளதொளன்னு இருக்கு பாருங்க, அதனால உடையுது” என்றார். அன்று எனக்கு அது தலைகீழாகப் பட்டது. இறுக்கமான கம்பிதானே அறுந்துபோகும்?

உண்மை அவர் சொன்னதுதான். கட்டி முடித்த சக்கரத்தில் எல்லாக் கம்பிகளும் ஏற்கெனவே பலமாக இழுபட்டிருக்கின்றன. பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் ஒரு கம்பியின் இழுவிசை பொதுவாக 100 முதல் 120 கிலோ வரை இருக்கும். நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையை ஒட்டிய நாலைந்து கம்பிகளின் இழுவிசை மட்டும் கணிசமாகக் குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை. சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் சுற்றுக்கு ஒருமுறை இப்படித் தளர்ந்து மீண்டும் இறுகுகிறது. 25 மி.மீ. டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர் என்பதால், கிலோமீட்டருக்கு 475 சுற்று; 10,000 கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் 47 லட்சம் தடவைக்கு மேல் தளர்ந்து இறுகியிருக்கும். போதிய இழுவிசை இல்லாத கம்பி ஒவ்வொரு முறையும் முழுவதுமாகத் தொய்ந்து, ஹப்பின் துளைக்குள் அசைந்து, மீண்டும் வெடுக்கென்று இறுகும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதையேதான் சாலை செய்கிறது. உங்கள் கம்பிகளும் பெரும்பாலும் ஹப்பை ஒட்டிய வளைவில்தான் அறுந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, மூன்று கம்பிகள் அறுந்த சக்கரத்தில் மிச்சமுள்ள 21 கம்பிகளும் அதே அளவு தளர்ந்து இறுகியவைதான். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டாவது, கம்பிகளின் எண்ணிக்கை கூடினால் பாரம் அதிகக் கம்பிகளுக்குப் பிரிகிறது. ஒன்று அறுந்தாலும் சக்கரம் வீடு வரை ஓடும். நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிள்களில் முன்னே 32, பின்னே 40 கம்பிகள் இருக்கும், எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பாரம் பின்னால்தான் என்று கண்டு வைத்த கணக்கு அது. கேரியரில் நெல் மூட்டையும் பாரில் பிள்ளையும் ஏற்றிக்கொண்டு வரப்போரம் ஓடிய அந்தச் சக்கரங்களின் புத்தியை, காற்றைக் கிழிக்கிறோம் என்று சொல்லி ரோடு பைக்காரர்கள் பாதி மறந்துவிட்டோம்.

இனி பாகங்கள். ஹப்பைப் பொறுத்தவரை உங்கள் தொகைக்கு ஷிமானோவின் டியாக்ரா அல்லது 105 வகை, 32 துளை உள்ளது போதும். அவற்றில் குண்டுகள் உருளும் கப்பும் கோனும் தனித்தனியாக இருக்கும். பின்ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது குண்டுகள், ஒவ்வொன்றும் கால் அங்குலம். ஆண்டுக்கு ஒருமுறையும், மழையில் நன்றாக நனைந்தால் அதற்குப் பிறகும் திறந்து, குண்டுகளை மாற்றி, புது கிரீஸ் வைத்து ஓவராயில் செய்துவிட்டால் வெகுகாலம் உழைக்கும். அதைச் செய்யாமல் விட்டால் கப்பில் குழி விழும். கப் ஹப்போடு பதிந்திருப்பதால் பிறகு ஹப்பையே தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்து பார்க்கும் பொறுமை இல்லாதவர்கள் சீல் செய்த பேரிங் உள்ள ஹப்பை எடுப்பது நல்லது. பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் பேரிங் கடையிலேயே எடுத்துக் கொடுப்பார்கள். டிடி சுவிஸ் 350 அந்த வகையில் மிக நல்லது. ஆனால் உங்கள் பட்ஜெட்டில் பெரும் பகுதியை அதுவே தின்றுவிடும்.

ரிம்மில் பார்க்க வேண்டியது எடையை அல்ல. ரிம் பிரேக் வண்டியில் ரிம் என்பது பிரேக் டிரம்மும்கூட. ஒவ்வொரு பிரேக்கிலும் அதன் பக்கச்சுவர் தேய்கிறது. மழைக்காலத்தில் பிரேக் கட்டையில் ஒட்டிய மணல் உப்புத்தாள் வேலையைச் செய்யும். எனவே பக்கச்சுவரில் தேய்மானக் குறி உள்ள ரிம்மாக வாங்குங்கள். அந்தப் பள்ளமோ புள்ளியோ மறைந்துவிட்டால் ரிம்மின் ஆயுள் முடிந்தது என்று பொருள். உள்ளகலம் 17 முதல் 19 மி.மீ. வரை இருந்தால் 25, 28 மி.மீ. டயர்கள் சரியாக உட்காரும். டிடி சுவிஸ் ஆர்460, மாவிக் ஓபன் ப்ரோ, எச் பிளஸ் சன் ஆர்க்கிடைப் ஆகியவை இப்படிக் கட்டும் சக்கரங்களுக்குப் பெயர்பெற்றவை. எது கையிருப்பில் இருக்கிறதோ அது. உங்கள் பிரேக்குக்கும் பிரேமுக்கும் இடையில் இடமிருந்தால் 28 மி.மீ. டயரே போடுங்கள். எழுதி வைக்காத வேகத்தடைகளும் மூடிப்போகாத பள்ளங்களும் உள்ள சாலையில் ரிம்மைக் காப்பாற்றுவது டயருக்குள் இருக்கும் காற்றுதான்.

கம்பியில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முழுநீளமும் 2 மி.மீ. தடிமன் உள்ள கம்பிதான் உறுதியானது என்று தோன்றும். இரு முனைகளும் 2 மி.மீ., நடுப்பகுதி 1.8 மி.மீ. என்று மெலித்த கம்பிதான் அதிக நாள் உழைக்கிறது. மெல்லிய நடுப்பகுதி ரப்பர் போலச் சற்று நீண்டு கொடுப்பதால், வளைவில் விழும் அடி குறைகிறது. டிடி காம்பெட்டிஷன், சாப்பிம் ரேஸ் இரண்டும் இந்த அளவுதான். பின்னல், ஒரு கம்பி மற்ற மூன்றைக் கடக்கும் மூன்று கிராஸ் பின்னலாக இருக்கட்டும். நிப்பிள் (கம்பியை ரிம்மில் இறுக்கும் சிறு திருகு) பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிளில் மிச்சமாகும் சில கிராம்கள், கடற்கரைச் சாலையின் உப்புக்காற்றில் அது கம்பியோடு பிடித்துக்கொண்டு கோட்டம் எடுக்கும்போது உடைந்து வரும் எரிச்சலுக்கு ஈடாகாது.

இவ்வளவு நல்ல பொருளை வாங்கியும் கட்டுவது சரியில்லையென்றால் பயனில்லை. பணம் போக வேண்டிய முக்கியமான இடம் கட்டுகூலிதான் என்பது என் அபிப்பிராயம். பாகத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் அதில் பேரம் பேசாதீர்கள். அந்தப் பெரியவர் என் சக்கரத்தைக் கட்டியபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். ஓரளவு இறுக்கியதும் பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாக உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் நெரித்தார். முறுகியிருந்த கம்பிகள் ‘கிணிங் கிணிங்’ என்று விடுபட்டுத் தம் இடத்தில் உட்கார்ந்தன. ரிம் கொஞ்சம் கோணியது. மீண்டும் கோட்டம் எடுத்தார், மீண்டும் நெரித்தார். சத்தம் நிற்கும் வரை நான்கு தடவை. இந்த வேலையைச் செய்யாத சக்கரம்தான் முதல் நூறு கிலோமீட்டரில் சத்தம் போட்டுக்கொண்டே கோணும். வாங்கும்போது நீங்களே தட்டிப் பாருங்கள்: ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின்சக்கரத்தில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தாழ்ந்து ஒலித்தால் பயப்பட வேண்டாம். கேசட்டுக்கு (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) இடம்விட ஹப்பின் வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளி அமைந்திருப்பதால் இடப்பக்க இழுவிசை வலப்பக்கத்தில் பாதியளவுதான் இருக்கும்.

கட்டித் தருபவர் அருகில் இல்லையென்றால் தொழிற்சாலைச் சக்கரம் வாங்குவதில் தவறில்லை, ஆனால் சாதாரண வளைவுக் கம்பி உள்ளதாகவும் பின்னே குறைந்தது 28 கம்பிகள் உள்ளதாகவும் தேடுங்கள். காம்பக்னோலோ ஸோண்டா போன்றவை முன்னே 16, பின்னே 21 கம்பிகளோடு வந்தாலும் மிக நேர்த்தியானவை. அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். நம் எடைக்கும், நடுவழியில் உதிரிபாகம் தேடும் நிலைமைக்கும் அவை ஏற்றவையல்ல என்பதே என் தயக்கம்.

கார்பனைப் பற்றிச் சுருக்கமாக. ரிம் பிரேக்கோடு மலையிறங்கும்போது சேரும் சூட்டை வெளியேற்றுவதில் கார்பன் அலுமினியத்துக்கு ஈடல்ல. மலிவானவற்றில் இது இன்னும் ஆபத்து. டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கியில்லாத ரிம்மாக இருந்தால் காற்றழுத்தம் 5 பாருக்கு, அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. நம் எடைக்கு 25 மி.மீ. டயரில் அது போதாது. எடை குறையுமே என்றால், 300 கிராம் குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால் அது நூற்றில் 0.3 பங்கு, ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு மணி நேரத்தில் ஏறுபவருக்கு மிச்சமாவது பத்துப் பதினோரு விநாடி. மேலே போய் டீ ஆறுவதற்குக்கூட அந்த நேரம் போதாது.

பொருத்தம் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். ரிம் பிரேக் ரோடு பைக்கில் பின்பக்க இடைவெளி 130 மி.மீ.; டிஸ்க் பிரேக்குக்கான 142 மி.மீ. ஹப் அதில் ஏறாது. புது ஹப்புகள் பெரும்பாலும் 11 வேகத்துக்கானவை. உங்கள் 10 வேக கேசட்டை அதில் போட 1.85 மி.மீ. வளையம் ஒன்றும், சில கேசட்டுகளுக்குக் கூடுதலாக 1 மி.மீ. வளையமும் வேண்டும். இது தெரியாமல் கேசட் ஆடுகிறது என்று ஹப்பைத் திருப்பிக் கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

என் ஜோடிக்குக் கட்டுகூலி உட்பட இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆயிற்று. இதுவரை 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு கம்பிகூட அறவில்லை. பின்ரிம் மட்டும் போன வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தேய்ந்து குழிந்துவிட்டது. அதே வகைப் புது ரிம்மைப் பழையதன் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாகப் புதியதுக்கு மாற்றி, அதே ஹப்பிலும் அதே கம்பிகளிலும் ஒரே பிற்பகலில் பெரியவர் முடித்துவிட்டார். அடுத்து உங்களுக்கு வரப்போகும் செலவும் இந்த ஒரு ரிம்மின் விலைதான்.

கட்டி வாங்கும்போது வலப்பக்க அளவில் இரண்டு, இடப்பக்க அளவில் இரண்டு என்று நான்கு கம்பிகளை நிப்பிளோடு கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கக் கம்பி ஓரிரு மில்லிமீட்டர் குட்டையாக இருக்கும் என்பதால் அதில் மட்டும் சிவப்பு டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். நான் என்னுடையவற்றைச் சீட் போஸ்டுக்குள் தாளில் சுருட்டி வைத்திருக்கிறேன்.