சிவப்பு வில்லையும் நீல நட்சத்திரமும்: வாசகர் கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்கக் கிராமக் குடும்பங்களைப் பற்றிச் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த இதழில் அவை மட்டும்.

நாணயக் கண்காட்சியில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய சிவப்பு வில்லை ஒன்று வாங்கினேன். நடுவில் 1, சுற்றிலும் ஓ.பி.ஏ. என்ற ஆங்கில எழுத்துகள். உலோகமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. என்ன இது?
— அண்ணா நகர் வாசகர்

ரேஷன் பொருள் வாங்கியபோது கொடுத்த சில்லறை! ஓ.பி.ஏ. என்பது போர்க்காலத்தில் விலையையும் ரேஷனையும் கவனித்த அமெரிக்க அரசு அலுவலகம். வில்லையின் குறுக்களவு 16 மில்லிமீட்டர். காகித நாரை ரசாயனத்தில் ஊறவைத்து அழுத்திச் செய்தது. அதனால் தண்ணீரில் போட்டுக் கழுவிவிடாதீர்கள், உப்பிவிடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இறைச்சி, வெண்ணெய், சீஸ், கொழுப்பு வகைகளுக்குச் சிவப்பு. டப்பாவில் அடைத்த காய், பழங்களுக்கு நீலம். 1943 மார்ச்சில், ஒவ்வொரு பொருளுக்கும் இத்தனை பாயிண்ட் என்று வைத்த பாயிண்ட் முறை வந்தபோது ஒருவருக்கு மாதம் 48 நீலப் பாயிண்ட், 64 சிவப்புப் பாயிண்ட். 1944 பிப்ரவரி இறுதியில் ரேஷன் புத்தகத்தின் ஒவ்வொரு ஸ்டாம்புக்கும் 10 பாயிண்ட் என்று ஆக்கினார்கள். 7 பாயிண்ட் பொருள் வாங்கினால் மீதி மூன்றுக்கு இந்த வில்லைகள் மூன்று. நம்மில் பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. பாயிண்டைக் கொடுத்தால் மட்டும் பொருள் வராது, காசும் தனியாகக் கொடுக்க வேண்டும். நம் ரேஷன் கடையில் கிடைப்பது மானிய விலை. அங்கே ரேஷன் என்பது அளவுக்கு வைத்த பூட்டு, விலைக்கு உச்சவரம்பு வேறு. தனிக் கடை கிடையாது, வழக்கமான மளிகைக் கடையில்தான் வாங்கினார்கள்.

விலை மதிப்பா? கோடிக்கணக்கில் அச்சானவை. ஆசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த மாடு, பன்றி, கோழி, தோட்டம் எல்லாம் இருக்கும் பண்ணைக் குடும்பத்துக்கு ரேஷனால் என்ன கஷ்டம்?
— பெரம்பூர் வாசகி

வயிற்றுக்குப் பெரிய கஷ்டமில்லை. தங்கள் பண்ணையில் வளர்த்து, வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்ட இறைச்சிக்குப் பாயிண்ட் தேவைப்படவில்லை. ஆனால் அதே வெண்ணெயைப் பக்கத்து வீட்டுக்கு விற்றால் பாயிண்ட் வாங்கிக் கணக்குக் காட்ட வேண்டும்.

இடித்தது சர்க்கரையும் ரப்பரும். 1942 மே மாதம் சர்க்கரை ரேஷன் வந்தது, ஆளுக்கு வாரம் சுமார் அரை பவுண்டு, அதாவது 225 கிராம். போர் முடிந்தும் விடவில்லை, 1947 ஜூனில்தான் அது நீங்கியது. (சென்னை மாகாணம் உணவுக் கட்டுப்பாட்டிலிருந்து வெளிவர 1952-ல் ராஜாஜி முதல்வராக வரவேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.) காபிக்கு 1942 நவம்பர் முதல் 1943 ஜூலை வரை ரேஷன். 15 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. கணக்குப் போட்டால் நாளுக்கு 13 கிராம் தூள். மாம்பலத்து வீடுகளில் காலைக் காபிக்கே அது சரியாகிவிடும். பிரேசிலில் கொட்டை இருந்தது. ஏற்றிவரக் கப்பல்தான் இல்லை.

ரப்பர் கதை வேறு. மலேயாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் (இன்றைய இந்தோனேசியா) ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் சுமார் 90 சதவீதம் நின்றது. 1942 ஜனவரியில் முதன்முதலில் ரேஷனுக்கு வந்த பொருளே டயர்தான். ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருந்தால் ஒப்படைக்க வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் நாடு முழுக்கப் பெட்ரோலுக்கு ரேஷன் போட்டதும் பெரும்பாலும் டயர் தேய்வதைத் தடுக்கத்தான். பெட்ரோல் தாராளமாக இருந்த மாநிலங்களில் இது விவசாயிகளுக்குப் புரியவே இல்லை, கோபம்தான் வந்தது. அவசியத் தேவையில்லாத ‘ஏ’ ஸ்டிக்கர் காருக்கு வாரம் 4 கேலன், சுமார் 15 லிட்டர். வேகம் மணிக்கு 35 மைலுக்குள். டிராக்டருக்கு ‘ஆர்’ கூப்பன், லாரிக்கு ‘டி’ கூப்பன். ஆர் கூப்பனில் வாங்கியதைக் காரில் ஊற்றக் கூடாது. அதனால் முட்டை விற்பது, பாலாடை கொடுப்பது, தபால், மாவு மில், சர்ச் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் முடித்துக்கொண்டு வந்தார்கள். புது டிராக்டர்கள் சில ரப்பர் டயருக்குப் பதில் இரும்புச் சக்கரத்தோடு வந்தன. வயலில் ஓடும், தார்ச்சாலையில் ஏறினால் சாலை போச்சு.

ஆண்கள் படைக்குப் போனபின் வயலை யார் பார்த்தார்கள்? வீட்டுச் செலவுக்குப் பணம்?
— தாம்பரம் வாசகர்

எல்லா ஆண்களும் போகவில்லை. 1942 நவம்பரில் வந்த சட்டத் திருத்தத்தால், உணவு உற்பத்திக்கு அவசியமான பண்ணையாளுக்கு 2-சி என்ற வகையில் தற்காலிக விலக்கு கிடைத்தது. முடிவு உள்ளூர்க் குழுவின் கையில். குழுவில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்துக்காரர்கள். ஒரு வீட்டுப் பையனுக்கு விலக்கு, அடுத்த வீட்டுப் பையனுக்கு ராணுவம் என்றால் மனஸ்தாபம் வராமல் இருக்குமா?

மீதி வேலையைப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். 1942 ஆகஸ்ட் ஒப்பந்தப்படி மெக்சிகோவிலிருந்து கூலியாட்கள் வந்தார்கள். அந்த ஏற்பாடு 1964 வரை நீடித்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அமெரிக்க முகாம்களில் இருந்தார்கள், பெரும்பாலும் ஜெர்மானியர். அவர்களைப் பண்ணை வேலைக்கு அனுப்பினார்கள். விவசாயி அந்த ஊர்க் கூலியை அரசுக்குக் கட்டுவார். கைதிக்கு நாளுக்கு 80 சென்ட், முகாம் கடையில் மட்டும் செல்லும் கூப்பனாக.

பணம்: 1942 சட்டப்படி சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர் வந்தது. அதில் 22 கணவனின் சம்பளத்தில் பிடித்தது, 28 அரசு சேர்த்தது. ஒரு குழந்தை இருந்தால் 62. 1943 அக்டோபருக்குப் பிறகு அது 80 ஆனது. சிப்பாயின் சம்பளமே அப்போது மாதம் 50 டாலர்தான்.

வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணிப் பதாகை தொங்கினால், அதிலுள்ள ஒவ்வொரு நீல நட்சத்திரமும் படையிலிருக்கும் ஒரு பிள்ளை. இறந்தால் அதன்மேல் தங்க நிற நட்சத்திரம் தைப்பார்கள்.

அயோவாவில் படிக்கும் என் பெண் ஒரு பழைய ஒட்டுப்போர்வை வாங்கியிருக்கிறாள். உள்பக்கத்தில் வரிசையாகச் சின்ன ஊசித் துளைகள், மங்கிய எழுத்துகள். தீவன மூட்டைத் துணி என்று கடைக்காரர் சொன்னாராம். நம்பலாமா?
— மயிலாப்பூர் வாசகி

நம்பலாம். அந்த வரிசைத் துளைகளே சாட்சி. மூட்டையின் வாய் சங்கிலித் தையல். நம் அரிசி மூட்டையில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் சர்ரென்று உருவி வருமே, அதேதான். தவறான முனையை இழுத்தால் முடிச்சு விழும். அந்த நூலையும் எறியாமல் உருண்டையாகச் சுற்றி வைத்துக் குரோஷா பின்னினார்கள்.

100 பவுண்டு கோழித்தீவன மூட்டையைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கெஜத் துணி கிடைக்கும். பெரியவருக்கு ஒரு கவுன் தைக்க மூன்று மூட்டை வேண்டும், பூப்போட்ட துணி மூட்டைகள் என்பதால் மூன்றும் ஒரே டிசைனில். அதனால்தான் தீவனக் கடையில் அடுக்கின் அடியிலிருக்கும் மூட்டையை உருவச் சொல்லிக் கணவன்மாரின் முதுகை ஒடித்தார்கள் மனைவிமார்கள். கம்பெனிப் பெயர் அச்சைப் போக்க, பன்றிக்கொழுப்பு தடவி ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் காரச் சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்துத் துவைப்பார்கள். சில மை அப்படியும் போகாது. உங்கள் பெண் பார்த்த மங்கிய எழுத்து அந்த வகை. போர்வையை வாஷிங் மெஷினில் போட வேண்டாம். பழைய பருத்தி நூல் இற்றிருக்கும்.

எருக்கம்பஞ்சை அமெரிக்கப் பிள்ளைகள் போருக்காகப் பொறுக்கியது உண்மையா?
— திருவான்மியூர் வாசகர்

உண்மை, ஆனால் நம் எருக்கு அல்ல, அதன் உறவுக்காரச் செடியான மில்க்வீட். உடைத்தால் பால் வடியும். கடற்படை மிதவைச் சட்டைகளுக்குள் அடைத்தது ஜாவாவின் இலவம்பஞ்சு. ஜாவா ஜப்பானிடம் போனதும் இந்தப் பஞ்சைத் தேடினார்கள். இழை உள்ளே குழல்போல வெற்று, வெளியே மெழுகுப் பூச்சு, அதனால் மிதக்கும். காய் வெடிப்பதற்குச் சற்று முன், விதை பழுப்பானதும் பறிக்க வேண்டும். வெடித்துவிட்டால் பஞ்சு காற்றோடு போய்விடும். காற்றோட்டமுள்ள வெங்காய வலைச்சாக்கில் போட்டு வேலியில் தொங்கவிட வேண்டும், இறுக்கமான சாக்கில் கட்டினால் பூஞ்சை. இரண்டு சாக்குக் காய்க்கு ஒரு மிதவைச் சட்டை. பஞ்சைப் பிரித்த ஆலை மிச்சிகன் மாநிலத்துப் பெட்டோஸ்கியில் இருந்தது.

அந்தக் காலத்தில் பீன்ஸை ஜாடியில் அடைத்து ஒரு வருடம் வைத்திருந்தார்களாமே. நம் குக்கரில் செய்யலாமா?
— வேளச்சேரி வாசகி

செய்யாதீர்கள். ஏன் என்று தெரிய, முறையைச் சொல்லிவிடுகிறோம்.

தக்காளி, பழம் போன்ற புளிப்புள்ளவற்றைக் கொதிநீரில் ஜாடியோடு அவித்து அடைத்தார்கள். சர்க்கரை அங்கே கெடாமலிருக்க அல்ல, ருசிக்கும் நிறத்துக்கும்தான். நான்கு குவார்ட் (ஒரு குவார்ட் சுமார் ஒரு லிட்டர்) பழத்துக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கில் ரேஷன் குழு கூடுதல் சர்க்கரை கொடுத்தது. பீன்ஸ், சோளம், இறைச்சி ஆகியவற்றில் புளிப்பில்லை. அவற்றில் பொட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்து 100 டிகிரி கொதிநீரில் சாகாது. காற்றில்லாத ஜாடிக்குள் முளைத்து நஞ்சைக் கக்கும். மணத்திலும் ருசியிலும் தெரிய வேண்டுமென்றில்லை. அதைக் கொல்ல 116 டிகிரி வேண்டும், அதற்குத்தான் 10 பவுண்டு அழுத்தம்.

பீன்ஸை ஓர் அங்குலமாக நறுக்கி 5 நிமிடம் கொதிக்கவிட்டு, சூடான ஜாடியில் தளர்வாக நிரப்ப வேண்டும். மேலே ஓர் அங்குலம் காலியிடம். விளிம்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் மூடி பிடிக்காது. பெரிய அழுத்தப் பாத்திரத்தில் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர், மூடி, 10 நிமிடம் ஆவியைத் திறந்துவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விட்டார்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் மானி 10 காட்டும், சூடு 116 இருக்காது. பிறகு எடைக்கல்லைப் போட்டு, அழுத்தம் ஏறியபின் பைண்ட் (சுமார் அரை லிட்டர்) ஜாடிக்கு 20 நிமிடம், குவார்ட்டுக்கு 25. அடுப்பை அணைத்துத் தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஜாடிக்குள்ளிருக்கும் சாறு பீய்ச்சி வெளியேறும்.

நம் குக்கர் சிறியது. சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் ஆறும். மேலே சொன்ன நிமிடக் கணக்கில் பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும் நேரமும் சேர்த்தி. குவார்ட் ஜாடி நான்காவது நிற்காத பாத்திரத்தை அமெரிக்க வேளாண் துறை இதற்கு ஏற்பதில்லை. போர்க்காலத்தில் இப்படிப்பட்ட பெரிய பாத்திரங்களுக்கே பஞ்சம். ஊருக்குப் பொதுவாக அடைப்புக் கூடம் வைத்து, வீடுகள் முறைபோட்டு வந்து செய்தன.

போர் முடிந்து பையன்கள் திரும்பியபின் பழைய வாழ்க்கை திரும்பியதா?
— குரோம்பேட்டை வாசகர்

இல்லை. 1944 ஜூன் 22-ல் கையெழுத்தான சட்டம் திரும்பியவர்களுக்குக் கல்லூரிக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணம், மாதாந்திர உதவித்தொகை, வீடு அல்லது பண்ணை வாங்கக் கடன் உத்தரவாதம், வேலை கிடைக்கும்வரை வாரம் 20 டாலர் என 52 வாரம் ஆகியவற்றைக் கொடுத்தது. பண்ணையில் இருந்தபடியே பயிற்சி பெறவும் வழி இருந்தது. ஆனால் கல்லூரிக்குப் போனவரில் பலர் வயலுக்குத் திரும்பவில்லை.

திரும்பியிருந்தாலும் வேலை குறைந்திருந்தது. 1940-ல் நாட்டில் சுமார் 15 லட்சம் டிராக்டர். 1950-ல் சுமார் 34 லட்சம். குதிரை போனால் குதிரைக்கு ஓட்ஸ் விளைத்த நிலமும் பணப்பயிருக்கு வந்தது. டிராக்டர் கடனை அடைக்க இன்னும் நிலம் தேவைப்பட்டது. பக்கத்து நிலத்தை வாங்கினார்கள், பக்கத்து வீடு காலியானது. 61 லட்சம் பண்ணைகள் பத்தே ஆண்டில் 54 லட்சத்துக்குக் குறைந்தன.

வீட்டுக்குள் பெரிய மாற்றம் மின்சாரம். 1935-ல் பத்தில் ஒரு பண்ணையில்தான் மின்விளக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் 5 டாலர் கட்டிச் சேரும் திட்டம் வேகமெடுத்தபோது போர் வந்தது, செம்புக் கம்பி ராணுவத்துக்குப் போனது. 1945-க்குப் பிறகே கம்பங்கள் மீண்டும் நடப்பட்டன. 1950-களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பண்ணைகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. விளக்கு, ரேடியோவுக்கு அடுத்து வீட்டுப்பெண்கள் கேட்டது இஸ்திரிப் பெட்டி. ஆகஸ்ட் வெயிலில் விறகடுப்பை மூட்டி இரும்புக் கட்டியைச் சூடாக்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கண்ணாடி ஜாடி, சாம்பல் நிறத் துத்தநாகத் திருகுமூடியோடு இருக்கிறது. மாங்காய் ஊறுகாய் போடலாமா?
— திருவல்லிக்கேணி வாசகி

மூடியின் உள்பக்கம் வெள்ளைக் கண்ணாடித் தட்டு இருக்கிறதா பாருங்கள். அது விரிசல் விட்டிருந்தாலோ இல்லாமல் போயிருந்தாலோ புளிப்பும் உப்பும் துத்தநாகத்தை அரித்து ஊறுகாயில் கலந்துவிடும். ஜாடியில் ஊறுகாயைப் போட்டு வாய்க்கு வேடு கட்டுங்கள். மூடியை அலமாரியில் வையுங்கள்.