பால் ஆடை எங்கே போனது?

கேள்வி: பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் ஆடை மெல்லிசாகத்தான் படிகிறது. பால்காரர் ஊற்றும் எருமைப் பாலில் கெட்டியாக நிற்கிறது. தொழிற்சாலையில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்கிறார் என் மாமியார். நிஜமா? அப்புறம், பாக்கெட் பாலைக் காய்ச்சாமல் குடிக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மருந்தெல்லாம் வேண்டாம், அந்த வேலையைச் செய்ய ஹோமோஜெனைசர் என்று ஒரு மெஷினே இருக்கிறது. கறந்த பாலில் கொழுப்பு 3, 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு உருண்டைகளாக மிதக்கும். பாலை விட லேசானது என்பதால் மெல்ல மேலே வந்து சேரும், ஆடைக்குக் கனம் கொடுப்பது அதுதான். இந்த மெஷின் பாலை 150 முதல் 200 பார் அழுத்தத்தில் (பைக் டயரில் 2 பார் சொச்சம்தான்!) தலைமுடி அகல இடுக்கு வழியாகத் தள்ளும்போது உருண்டைகள் உடைந்து 1 மைக்ரானுக்கும் கீழே போய்விடுகின்றன. அவ்வளவு பொடியானது மேலே ஏறாது, பால் முழுக்கப் பரவியே நிற்கும். பிரான்சில் ஒகுஸ்த் கோலான் 1899-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்னொன்று, நீங்கள் வாங்குவது சமன்படுத்தப்பட்ட பால் என்றால் அதில் கொழுப்பே 3 சதவீதம்தான், எருமைப் பாலில் ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு.

பால் ஆலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது பாஸ்டரைசர்தான், பாலைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லும் மெஷின். வரிசையாக அடுக்கிய எவர்சில்வர் தகடுகள், ஒரு இடுக்கில் சூடான பால் வெளியே போக, பக்கத்து இடுக்கில் குளிர்ந்த பால் உள்ளே வரும். போகிற பால் தன் சூட்டை வருகிற பாலுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் ஆறிக்கொள்கிறது, அதனால் கொதிகலன் கொடுக்க வேண்டிய சூடு கொஞ்சம்தான். 72 டிகிரியில் 15 வினாடி, அந்த 15 வினாடியும் ஒரு நீளக் குழாயில் பால் ஓடிக் கடக்கிற நேரம். குழாயின் முடிவில் சூடு ஒரு துளி குறைந்திருந்தாலும் வால்வு தானாகத் திரும்பி, பாலை மறுபடி ஆரம்பத்துக்கே அனுப்பிவிடும். யாராவது நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

காய்ச்சுவது பற்றி: அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகள் செத்துவிடும், பாலைக் கெடுக்கும் சில கிருமிகள் தப்பிக்கும். 4 டிகிரியிலேயே உங்கள் கைக்கு வந்தால் காய்ச்சாமலும் குடிக்கலாம். ஆனால் விடியற்காலை கடை வாசலில் டப்பில் வெயில் ஏறக் கிடக்கும் பாக்கெட்டை நானும் பார்க்கிறேன், அதனால் ஒரு கொதி விட்டே குடியுங்கள், பொங்கியதும் இறக்கிவிட்டால் போதும்.