வடகனடாப் பழங்குடிகளின் தட்டில் காட்டுப் பறவைகள்

கேள்வி: ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் வாழும் கிரீ மக்கள் உண்ணும் காட்டு வாத்து, கடைக்கோழியைவிடச் சத்து மிக்கதா?

புரதத்தில் பெரிய வேறுபாடு இல்லை, இரும்புச்சத்தில்தான் உண்டு. தோல் நீக்கிய காட்டு வாத்தின் நெஞ்சிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும் 4.5 மில்லிகிராம் இரும்பும் இருக்க, கோழி நெஞ்சில் இரும்பு ஒரு மில்லிகிராமைக்கூட எட்டுவதில்லை. வலசை போகும் பறவை மணிக்கணக்கில் சிறகடிப்பதால், ஆக்சிஜனைத் தேக்கித் தரும் மயோகுளோபின் என்ற புரதம் அதன் நெஞ்சுத் தசையில் நிறைந்திருக்கிறது. அப்புரதத்தின் நடுவில் அமர்ந்திருப்பது இரும்பே. இறைச்சியின் கருஞ்சிவப்பு நிறத்துக்கும் அதுவே காரணம். கீரையில் உள்ளதைவிட இவ்வகை இரும்பை உடல் எளிதாக ஏற்கும்.

கேள்வி: எல்லாக் காட்டுப் பறவைகளுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. கௌதாரியை ஒத்த கிரௌஸ் பறவை திடீரென எழும்பிச் சிறிது தூரமே பறப்பதால், அதன் நெஞ்சு வெளுத்தே இருக்கும். புரதம் சுமார் 26 கிராம், கொழுப்பு ஒரு கிராமுக்கும் குறைவு, இரும்போ ஏறக்குறைய கோழியின் அளவுதான்.

கேள்வி: வாத்தின் கொழுப்பை நீக்கிவிட்டு உண்பது நல்லதல்லவா?

நகரத்து மேசையில் அமர்ந்து எழும் கேள்வி இது. கொழுப்போ மாவுச்சத்தோ இன்றி மெலிந்த இறைச்சியை மட்டுமே நாள்கணக்கில் உண்டால், அவ்வளவு புரதத்தைக் கையாள ஈரலால் இயலாது. குமட்டலும் தளர்ச்சியும் தோன்றும். வடபுலத்தார் இதை முயல் பட்டினி என்பர். ஆகவே, வசந்தத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுக் குடும்பத்தோடு வாத்து வேட்டைக்குச் செல்லும் கிரீ மக்கள், பறவையைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தீயின் முன் மெல்லச் சுழலவிட்டு வாட்டும்போது, சொட்டும் நெய்யை வீணாக்காமல் தட்டில் ஏந்திக்கொள்வதில் வியப்பில்லை. அந்நெய்யில் பெரும்பங்கு, ஆலிவ் எண்ணெயிலும் உள்ள ஒலியிக் அமிலமாகும்.

கேள்வி: வேட்டைக் குண்டின் ஈயம் உணவில் கலக்காதா?

கலக்கும். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டுகளுக்குக் கனடா முழுவதும் 1999 முதல் தடை உண்டு. ஆனால் வலசை போகாத கிரௌஸ் பெரும்பாலும் அத்தடைக்குள் வராது. குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக அரிந்து எறிய வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தள்ளியும் சிதறியிருக்கும். புளிப்புச் சேர்த்துச் சமைத்தால் ஈயம் மேலும் கரையும்.