கேம் விளையாடினால் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம்? வந்த கேள்வியளும் என்ர பதில்களும்

கிளிநொச்சியில உயிரியல் படிப்பிக்கிறன். பொதுச்சனம் சேர்ந்து விளையாடி ஆராய்ச்சிக்கு உதவுற இணைய விளையாட்டுகளைப் பற்றிக் கேளுங்கோ எண்டு சொன்னதும் கேள்வியள் குவிஞ்சிட்டுது. ஒரே மாதிரியானதுகளைச் சேர்த்து எழுதுறன். கேட்ட ஆக்களின்ர பெயர் போடேல்லை, ஊர் மட்டும்.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: ரீச்சர், மகன் விடிஞ்சால் பொழுதுபட்டால் ஃப்ரீ ஃபயர். இப்ப "இதுவும் விஞ்ஞானம்தான் அம்மா, ரீச்சரே சொல்லுறா" எண்டு கதை விடுறான். உண்மையோ?

உங்களைப் பேய்க்காட்டுறார் அக்கா. ஃப்ரீ ஃபயரில விஞ்ஞானம் ஒண்டும் இல்லை.

ஆனால் சுடுற விளையாட்டுக்குள்ளயே ஆராய்ச்சியைக் கொண்டுபோய் வைச்ச ஆக்கள் இருக்கினம். கனடாவில மக்கில் பல்கலைக்கழக ஆக்கள் 2020இல "போடர்லாண்ட்ஸ் 3" எண்ட விளையாட்டுக்குள்ள ஒரு சின்னப் புதிர் வைச்சினம். நிறக் கட்டையளை வரிசைக்கு வரிசை பொருந்த அடுக்க வேணும், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டையும் எங்கட குடலில வாழுற பக்ரீரியாவின்ர மரபணுவில ஒரு எழுத்து. அடுக்கினவையில கனபேருக்கு அது தெரியாமலும் இருந்திருக்கும். 40 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆக்கள் விளையாடி, முடிவு 2024இல "நேச்சர் பயோடெக்னோலொஜி" சஞ்சிகையில வந்தது. மகனிட்ட இதைச் சொல்லுங்கோ. சோதினை முடியிற வரைக்கும் போனை நீங்கள் வைச்சிருங்கோ.

துணுக்காய், உயர்தர மாணவி: "ஃபோல்டிற்" எண்டு ஒரு விளையாட்டைச் சொன்னீங்கள். அதில என்னதான் செய்யிறது? எங்கட பாடத்தோட தொடர்பு இருக்கோ?

தொடர்பு இருக்கு மகள், அதுவும் நிறைய. புரதம் அமினோ அமிலச் சங்கிலி எண்டு படிச்சிருப்பீர். அந்தச் சங்கிலி கலத்துக்குள்ள நீட்டி நிமிர்ந்து கிடக்காது. கோர்த்த மணிச்சரத்தை உள்ளங்கையில குவிச்ச மாதிரி மடிஞ்சு, தனக்கெண்டு ஒரு வடிவம் எடுக்கும். நொதியம் வேலை செய்யிறதே அந்த வடிவத்தாலதான். சங்கிலியில எழுத்து என்ன வரிசை எண்டு கண்டுபிடிக்கிறது இப்ப லேசு. அது எப்பிடி மடியும் எண்டு சொல்லுறதுதான் கஷ்டம்.

வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில டேவிட் பேக்கரின்ர ஆய்வுகூடமும் அங்கத்தைய கணினித்துறை ஆக்களும் சேர்ந்து 2008இல ஃபோல்டிற்றை வெளியிட்டினம். திரையில ஒரு புரதம் நிக்கும். இழுக்கலாம், திருப்பலாம், ஆட்டலாம். சக்தி குறையக் குறைய உமக்குப் புள்ளி கூடும். புள்ளிக்குப் பின்னால இருக்கிறது முழுக்க இரசாயனம்: நீரை வெறுக்கிற பகுதி உள்ளுக்குப் போகவேணும், ஐதரசன் பிணைப்புகள் பொருந்தவேணும், அணுக்கள் ஒண்டோடொண்டு முட்டக்கூடாது.

கணினி ஏன் தானே செய்யாது எண்டு அடுத்ததாக் கேப்பீர். அந்த நேரத்துக் கணினி நிரல்கள் புள்ளி கூடுற பக்கம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, ஒரு இடத்தில மாட்டுப்பட்டு நிண்டிடும். மனிசர் அப்பிடி இல்லை. "இது அடியோட பிழை, பிரிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டுவம்" எண்டு, புள்ளி சரிஞ்சாலும் பரவாயில்லை எண்டு துணிவினம். 2010இல "நேச்சர்" சஞ்சிகையில வந்த கட்டுரை இதைத்தான் காட்டினது.

அடுத்த வருசம் பெரிய வேலை ஒண்டு நடந்தது. குரங்குகளில எயிட்ஸ் மாதிரி நோயை உண்டாக்கிற ஒரு வைரசில இருக்கிற, புரதத்தை வெட்டுற நொதியம் ஒண்டின்ர வடிவத்தைப் பத்து வருசத்துக்கு மேல முயன்றும் ஒருவராலும் தீர்க்க முடியேல்லை. ஃபோல்டிற் ஆக்கள் ஏறத்தாழ மூண்டு கிழமைக்குள்ள நல்ல மாதிரி ஒண்டைக் கட்டிக் குடுத்தினம். அதை வைச்சு, ஏற்கெனவே எடுத்திருந்த எக்ஸ்-கதிர்த் தரவில இருந்து விஞ்ஞானிகள் மிச்சத்தை முடிச்சினம். "விளையாட்டுக்காரர் எயிட்சுக்கு மருந்து கண்டுபிடிச்சினம்" எண்டு சில இடங்களில எழுதிப்போட்டினம். மருந்து இல்லை, ஒரு நொதியத்தின்ர வடிவம். அதுவே சின்னக் காரியம் இல்லை.

வவுனியா, பல்கலைக்கழக மாணவன்: அக்கா, புரதத்தின்ர வடிவத்தை ஊகிக்கிற அல்ஃபாஃபோல்ட் எண்ட செயற்கை நுண்ணறிவு நிரல் வந்து எல்லாத்தையும் முடிச்சிட்டுதே. இனி ஆக்கள் எதுக்கு?

நல்ல கேள்வி தம்பி, சுத்தி வளைக்காமல் சொல்லுறன். இயற்கையில இருக்கிற புரதம் எப்பிடி மடியும் எண்டு ஊகிக்கிற வேலையில 2020க்குப் பிறகு மனிசருக்குப் பெரிய இடம் இல்லை. 2024 இரசாயன நோபலே அல்ஃபாஃபோல்ட்டைச் செய்த டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர், பிறகு அதே டேவிட் பேக்கர் மூண்டு பேருக்கும்தான் போனது.

ஃபோல்டிற்காரர் அதுக்கு முந்தியே அடுத்த வேலைக்கு மாறியிட்டினம்: இல்லாத புரதத்தை உருவாக்கிறது. 2019இல வந்த ஆய்வில, விளையாடின ஆக்கள் புதுசா வடிவமைச்ச 146 புரதங்களை ஆய்வுகூடத்தில செய்து பார்த்ததில 56 சொன்ன மாதிரியே உறுதியா நிண்டது. இப்ப அல்ஃபாஃபோல்ட்டே ஃபோல்டிற்றுக்குள்ள ஒரு கருவி, உம்மட வடிவமைப்பு நிக்குமோ எண்டு அதிட்டயே கேட்டுப்பார்க்கலாம். எது இன்னும் மனிசக் கண் கேக்கிற வேலை எண்டு வருசத்துக்கு வருசம் மாறும். மாறாமல் பழைய வேலையையே தாற விளையாட்டு எண்டால் எனக்கு ஆர்வம் இல்லை.

மல்லாவி: படிக்காத ஆக்கள் பிழையாச் சொன்னால் ஆராய்ச்சி நாறாதோ?

ஒருவரின்ர சொல்லை மட்டும் நம்பினால் நாறும்தான். அதால ஒரே படத்தைப் பலருக்குக் காட்டுவினம். 2007இல தொடங்கின "கலக்ஸி சூ"வில ஏறத்தாழ ஒன்பது இலட்சம் கலக்சிப் (விண்மீன் திரள்) படங்கள், சுருளோ நீள்வட்டமோ எண்டு பிரிக்க. ஒவ்வொண்டையும் ஆள் மாறி ஆள் பார்த்துப் பெரும்பான்மை எடுத்தவை. "ஸ்டோல் கட்சர்ஸ்" எண்டது வேற மாதிரி: அல்ஸைமர் நோய் உள்ள எலியின்ர மூளையில, நுண்குழாயில இரத்தம் ஓடுதோ நிண்டிட்டுதோ எண்டு வீடியோ பார்த்துச் சொல்லவேணும். விடை தெரிஞ்ச வீடியோக்களையும் இடைக்கிடை கலந்து விடுவினம். நீங்கள் எவ்வளவு சரியாச் சொல்லுறீங்களோ அந்தளவுக்குத்தான் உங்கட சொல்லுக்கு நிறை.

படிக்காத ஆள் எண்ட கதைக்கு இன்னுமொண்டு. கலக்ஸி சூவில நெதர்லாந்துப் பள்ளிக்கூட ஆசிரியை ஹனி வான் ஆர்க்கெல் ஒரு கலக்சிக்குப் பக்கத்தில விசித்திரமா ஒண்டைக் கண்டு "இது என்ன?" எண்டு கேட்டா. வானியல் ஆக்களுக்கே புதுசு. அணைஞ்சு போன குவேசார் (கலக்சியின்ர நடுவில இருக்கிற கருந்துளையைச் சுத்திக் கடுமையா ஒளி வீசுற பகுதி) ஒண்டு முந்தி வீசின ஒளியில இன்னும் மினுங்கிற வாயு முகில். இண்டைக்கு அது அவவின்ர பெயரிலதான் இருக்கு. பெரும்பான்மை வாக்கு மட்டும் எண்டிருந்தால் அது தவறிப்போயிருக்கும். கேள்வி கேக்க ஒரு இடமும் வேணும்.

மாங்குளம்: வெள்ளைக்காரன் எங்களைக் கொண்டு சும்மா வேலை வாங்கிறான். அவனுக்குப் பட்டம், எங்களுக்குப் புள்ளி. சரியோ?

அண்ணை, இந்தச் சந்தேகம் இருக்கத்தான் வேணும். நான் பார்க்கிறது மூண்டு விசயம். முடிவு எல்லாரும் வாசிக்கக்கூடியதா வருதோ? உழைச்சவையின்ர பெயர் வருதோ? பிழைச்சால் ஒப்புக்கொள்ளினமோ? அந்தக் குரங்கு வைரஸ் கட்டுரையில விளையாட்டுக் குழுக்களின்ர பெயரே ஆசிரியர் வரிசையில நிக்குது. மூண்டாவதுக்கு டென்மார்க் உதாரணம்: "குவாண்டம் மூவ்ஸ்" விளையாட்டில மனிசர் கணினியை வெண்டிட்டினம் எண்டு 2016இல "நேச்சர்"ல எழுதினவை. பிறகு சாதாரணக் கணினி முறையே அதைவிட நல்லாச் செய்யும் எண்டு தெரிஞ்சு, 2020இல கட்டுரையைத் திருப்பி எடுத்திட்டினம். அதைக் கேட்டு எனக்கு நம்பிக்கை கூடினதே தவிரக் குறையேல்லை.

காசு கேட்டால், அடையாள அட்டை இலக்கம் கேட்டால் அந்தப் பக்கமே போகாதேங்கோ.

முழங்காவில்: போனில செய்யலாமோ? டேட்டா கனக்கப் போகுமோ?

ஃபோல்டிற்றுக்குக் கொம்பியூட்டர் வேணும். ஸ்டோல் கட்சர்ஸும், இப்பிடியான திட்டங்கள் ஒண்டா இருக்கிற "சூனிவேர்ஸ்" எண்ட இணையத்தளத்தில பல திட்டங்களும் போனில ஓடும். படம் பார்க்கிற வேலைக்கு வீடியோ பார்க்கிற அளவுக்கு டேட்டா போகாது. அறிவுறுத்தல் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஆனால் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்யிறதால இரண்டாம் நாளே பழகிடும்.

முள்ளியவளை: எங்களை மாதிரிக் கிராமத்து ஆக்களால இதுக்கு என்ன பிரயோசனம்?

"சீ ஹீரோ குவெஸ்ட்" எண்டு 2016இல ஒண்டு வந்தது. வரைபடத்தை ஞாபகம் வைச்சுப் படகோட்டவேணும். மறதி நோயில வழி தடுமாறுறதைப் படிக்கத்தான் செய்தவை. 38 நாடுகளில ஏறத்தாழ நாலு இலட்சம் பேரின்ர தரவை வைச்சு 2022இல சொன்ன முடிவு: நகரத்துக்கு வெளியில வளர்ந்த ஆக்களுக்கு வழி கண்டுபிடிக்கிற திறமை பொதுவாகக் கூட. நேர்க்கோட்டு வீதியள் உள்ள நகரத்தில வளர்ந்தவை அப்பிடியான வரைபடத்தில மட்டும்தான் கெட்டிக்காரர். காட்டுப்பாதையாலயும் வரம்பாலயும் வளைஞ்சு வளைஞ்சு பள்ளிக்கூடம் போன பிள்ளையளுக்கு இது புதினம் இல்லை.

இரணைமடுப் பக்கம், ஒரு கமக்காரர்: யானைக்கு ஏதும் விளையாட்டு இருக்கோ பிள்ளை?

யானையை நிப்பாட்டுற விளையாட்டு இல்லை ஐயா, அதுக்கு வேலிதான். ஆனால் தன்சானியாவில செரெங்கெட்டிக் காட்டில 225 தானியங்கிக் கமராக்கள் வைச்சு, படத்தில நிக்கிறது என்ன மிருகம், எத்தினை எண்டு உலகம் முழுக்க இருக்கிற ஆக்களைக் கொண்டு பிரிச்சவை. பிறகு அந்த விடையளை வைச்சே கணினிக்கும் பழக்கினவை. எங்கட பக்கம் எந்த வழியால, எந்த நேரத்தில யானை இறங்குது எண்டதுக்கு இப்பிடி ஒண்டு செய்யலாம். வேலியை எங்க போடுறது எண்டதுக்கு அது உதவும்.

ஒரு எச்சரிக்கை: படம் எடுக்கிறம் எண்டு பிள்ளையளைக் கண்ட காட்டுக்குள்ள விடாதேங்கோ. மிதிவெடிப் பலகை நிண்ட இடமெல்லாம் இன்னும் முழுக்கத் துப்புரவாகேல்லை. குளக்கட்டில நிண்டு பறவை எண்ணுங்கோ, அது காணும். தை மாதத்தில ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அந்த நேரம் கட்டுக்கரைக் குளத்திலயும் வங்காலையிலயும் வெளிநாட்டுப் பறவை நிறைய நிக்கும்.

ஒட்டுசுட்டான், விஞ்ஞான ஆசிரியர்: பள்ளிக்கூடத்தில தொடங்குறதெண்டால் எப்பிடி?

சேர், ஒரு கொம்பியூட்டரும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் தொடங்கலாம். சூனிவேர்ஸில மிருகப் படத் திட்டம் ஒண்டைத் தெரிஞ்சு, படத்தைச் சுவரில போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் விடையைக் கொப்பியில எழுதின பிறகு வாசிக்கச் சொல்லுங்கோ. விடை பிரியிற படத்திலதான் பாடம் இருக்கு, அங்க நிண்டு வாதாட விடுங்கோ. புள்ளிப் பட்டியலை முதல் மாதம் காட்டாதேங்கோ, பிறகு வேகமா அமத்துறவன்தான் வீரன் எண்டாகிடும். கணக்கு உங்கட பெயரிலயே இருக்கட்டும், பிள்ளையளின்ர முழுப்பெயர் வேண்டாம். திட்டம் முடிஞ்சு கட்டுரை வந்தால் அதின்ர சுருக்கத்தைத் தமிழில சொல்லிக் குடுங்கோ. நேரம் இல்லாட்டி எனக்கு அனுப்புங்கோ, நான் எழுதித் தாறன்.