அலமாரிகள் போன பிறகு

வணக்கம் ஐயா,

நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. விடுமுறை முடிந்து எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனால் இரண்டாம் தளத்தில் பாதி அலமாரிகளைக் காணோம். அந்த இடத்தில் வட்ட மேசைகள், வெள்ளைப் பலகைகள், கூடிப் பேசுவதற்குக் கண்ணாடி அறைகள். புத்தகங்கள் கிடங்குக்குப் போய்விட்டனவாம், கேட்டால் எடுத்துத் தருவார்களாம். "இன்றைய மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறோம்" என்கிறார்கள். நானும் இன்றைய மாணவிதானே? எனக்கு வேண்டியது அமைதியான ஒரு மூலை. இதை வளர்ச்சி என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அலமாரிகள் போனதையும் அமைதி போனதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவதை ஏற்கலாம். இரண்டாவதை ஏற்கத் தேவையில்லை.

அலமாரிகளை நகர்த்துவது பல இடங்களில் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2005இல் தன் இளநிலை மாணவர் நூலகத்திலிருந்து ஏறக்குறைய 90,000 புத்தகங்களை வளாகத்தின் மற்ற நூலகங்களுக்கு அனுப்பிவிட்டு, இடத்தைக் கணினிகளுக்கும் கூடிப் படிப்பதற்கும் கொடுத்தது. ஆய்விதழ்கள் பெரும்பாலும் திரைக்கு வந்துவிட்டன. பாடத்திட்டமே குழுவாகச் செய்யும் வேலைகளைக் கேட்கிறது. அந்த மாணவர்கள் பேசித்தான் ஆக வேண்டும், அவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும். கண்ணாடி அறைகளை நான் எதிர்க்க மாட்டேன்.

புத்தகங்களை நகர்த்தினால் அமைதி போய்விடும் என்பதும் கட்டாயமில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 2011இல் திறந்த மன்சுவேட்டோ நூலகத்தைப் பாருங்கள். 35 லட்சம் தொகுதிகள் கொள்ளும் கிடங்கு தரைக்கடியில் இருக்கிறது, கேட்ட புத்தகத்தை இயந்திரம் எடுத்துத் தருகிறது. மேலே கண்ணாடிக் கூரைக்குக் கீழே வாசகர்களுக்கான பெரிய படிப்பு அறை. புத்தகம் இறங்கியதால் கிடைத்த இடம் படிப்பவர்களுக்கே போனது. உங்கள் நூலகத்தில் அது யாருக்குப் போனது என்றுதான் கேட்க வேண்டும்.

இதில் ஓர் இழப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. இத்தகைய கிடங்குகளில் புத்தகங்களைப் பொருள் வாரியாக அடுக்குவதில்லை, இடத்தை மிச்சப்படுத்த அளவு வாரியாகப் பெட்டிகளில் வைக்கிறார்கள். ஒன்றைத் தேடிப் போய், பக்கத்தில் இருந்த வேறொன்றை எடுத்து வரும் வாய்ப்பு அங்கே இல்லை. ஆய்வு செய்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. 2013இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் திறந்த ஹன்ட் நூலகமும் ரோபோவை வைத்துப் புத்தகம் எடுப்பதுதான். ஆனால் ஒரு புத்தகத்தைத் தேடினால், அலமாரியில் அதன் இருபுறமும் எவை இருந்திருக்குமோ அவற்றையும் வரிசையாகத் திரையில் காட்டும் வசதியைச் செய்திருக்கிறார்கள். கையில் புரட்டுவதற்கு ஈடாகாது, சரி. இருந்தாலும் எது போகிறது என்று யோசித்துப் பார்த்துச் செய்த வேலை அது.

"இன்றைய மாணவர்களுக்கு ஏற்றபடி" என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த முன்னுதாரணம் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம். அங்கே நூலகத்தார் ஒரு மானுடவியலாளரைச் சேர்த்துக்கொண்டு, மாணவர்கள் எப்படித்தான் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டார்கள். மாணவர்களிடம் கேமரா கொடுத்து, வகுப்புக்குச் சுமந்து செல்லும் பொருட்களையும் நூலகத்தில் வழி தெரியாமல் தவிக்கும் இடத்தையும் படமெடுத்து வரச் சொன்னார்கள். வளாக வரைபடத்தில் ஒரு நாள் முழுக்க எங்கெங்கே போனார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். தங்களுக்கு வேண்டிய நூலகத்தை வரையவும் சொன்னார்கள். கட்டுரை எழுதத் தடுமாறும்போது பலர் பெற்றோரைத்தான் கூப்பிடுகிறார்கள், நூலகரை நினைப்பதே இல்லை என்று தெரியவந்தது. எழுதுகிற வேலை ராத்திரியில் நடக்கிறது, உதவி மேசையோ அதற்குள் மூடிவிடுகிறது. அதனால் நூலகர்களை இரவிலும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மேசை நாற்காலி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். இதைச் செய்யாமல் மாணவர்களின் பெயரைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கென்று எழுதிய ஐந்து விதிகளில் கடைசியை, நூலகம் வளரும் உயிரி என்பதை, மாற்றம் கொண்டுவருகிற எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு முந்தைய விதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: வாசகரின் நேரத்தைச் சேமி. கிடங்கிலிருந்து புத்தகம் சில நிமிடங்களில் வந்தால் அந்த விதி காப்பாற்றப்படுகிறது. மூன்று நாள் கழித்து வந்தால் இல்லை.

அதனால் பொதுவாகப் புகார் எழுதாதீர்கள், குறிப்பாகக் கேளுங்கள். பேச்சு சத்தம் எட்டாத ஒரு தளமோ கூடமோ அமைதிக்கென்று ஒதுக்கப்படுமா? கேட்ட புத்தகம் எவ்வளவு நேரத்தில் கைக்கு வரும்? எந்தெந்தப் புத்தகங்கள் கிடங்குக்குப் போகும் என்பதை உங்கள் துறையிடம் முன்கூட்டியே காட்டுவார்களா? இரவில் உதவிக்கு ஆள் இருப்பாரா? உங்களோடு ஆய்வு செய்கிற நாலைந்து பேரும், முடிந்தால் ஒரு பேராசிரியரும் கையெழுத்துப் போடட்டும். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 2009இல் புத்தகங்களை வெகுதூரக் கிடங்குக்கு அனுப்பத் திட்டமிட்டபோது மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். கடைசியில் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே சொந்தக் கிடங்கு கட்டியது.

அப்புறம், அந்தக் கண்ணாடி அறைகளில் பேசுகிற மாணவர்களிடமும் கையெழுத்துக் கேளுங்கள். பரீட்சை வந்தால் அவர்களுக்கும் அமைதியான மூலை வேண்டியிருக்கும்.

அன்புடன்.