முதல் ஃபிளின்ட்லாக் ரைஃபிளைக் கையால் செய்பவரிடம் வாங்கலாமா, ஆலைத் துப்பாக்கியே போதுமா?

வாங்கலாம். தாராளமாக வாங்கலாம். ஃபிளின்ட்லாக் என்பது சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் அடித்து மருந்தைப் பற்றவைக்கும் பழைய முறைத் துப்பாக்கி. ஆனால் பணம் முழுவதும் குழலுக்கும், பற்றவைக்கும் அமைப்பான லாக்குக்கும், தோளில் அணைக்கும் மரக்கட்டையின் அளவுக்கும் போகட்டும். பித்தளைப் பூவேலைக்கும் வெள்ளி நட்சத்திரத்துக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மீதியை எழுதக் காரணம், இதே கேள்வியை என்னிடம் நக்கலாகக் கேட்டவர்கள் பலர்.

சில நூறு டாலருக்கு ஆலைத் துப்பாக்கி கிடைக்கும்போது ஆயிரக்கணக்கில் செலவழிப்பது முட்டாள்தனம் இல்லையா என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப் போல் கணினி வேலைக்குப் பென்சில்வேனியா வந்து, ஏதோ ஒரு அருங்காட்சியகத்தில் லாங்ரைஃபிள் எனும் அந்த நீளத் துப்பாக்கியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து மயங்கியவர் என்று ஊகிக்கிறேன். மயங்க வேண்டிய பொருள்தான். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் கொல்லர்கள் இங்கே கொண்டுவந்தது குட்டையான, பருத்த குழல் கொண்ட யேகர் துப்பாக்கி. இந்த மண்ணில் அதன் குழல் நீண்டது, கட்டை மெலிந்தது, குண்டும் சிறுத்தது. குண்டு சிறுத்தால் ஈயமும் வெடிமருந்தும் மிச்சம். காட்டில் மாதக்கணக்கில் திரிபவனுக்கு அது பெரிய விஷயம். லங்காஸ்டரின் ஜேக்கப் டிக்கர்ட் போன்ற துப்பாக்கிக் கொல்லர்களின் பெயர் இன்றும் நிற்கிறது. வட்டாரத்துக்கு வட்டாரம் அடிக்கட்டையின் வளைவு மாறும். பழகிய கண்ணுக்கு, இது லங்காஸ்டர், இது ரெடிங், இது பெத்லகேம் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

என்னுடையதைச் செய்தவர் பெர்க்ஸ் கவுண்டியில் மாட்டுக் கொட்டகை ஒன்றைப் பட்டறையாக்கி வைத்திருந்த பெரியவர். நான் போனதும் துப்பாக்கி எதையும் எடுத்துக் காட்டவில்லை. தையற்காரர் போல என் கைநீளத்தை அளந்தார். பிறகு ஒரு பழைய ரைஃபிளைக் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்கச் சொன்னார். "இப்போது கண்ணைத் திற. குறிமுள் எங்கே இருக்கிறது?" குழல் முனையில் நிற்கும் குறிமுள்ளே எனக்குத் தெரியவில்லை, குழலின் பக்கவாட்டுதான் தெரிந்தது. அந்தக் கட்டை என்னைவிட ஓரடி உயரமானவருக்குச் செய்தது. விசையிலிருந்து அடிக்கட்டை வரை பதின்மூன்றரை அங்குலம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு; எனக்கு அரை அங்குலம் குறைத்தார். கன்னம் படியும் இடத்தையும் சற்று இறக்கினார். ஆலையில் இந்தக் கேள்வியை யார் கேட்பார்கள்?

அடுத்து அலங்காரம் பற்றிப் பேச்சு வந்தது. அடிக்கட்டையில் பித்தளை மூடி போட்ட பெட்டி, கன்னப்பக்கம் சுருள் செதுக்கல், இவையெல்லாம் வைத்தால் விலை இரண்டு மடங்கு. வேண்டாம் என்றேன். அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. இந்தப் பக்கத்து விவசாயிகள் அந்தக் காலத்தில் வாங்கியதே அப்படிப்பட்ட மொட்டைத் துப்பாக்கிகளைத்தானாம். கொட்டகைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பார்களாம், சிலவற்றில் அடியில் பித்தளைத் தகடுகூட இருக்காதாம். எனக்கும் அப்படியே செய்தார். வரி ஓடிய மேப்பிள் கட்டை, .50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழல்துளை, நாற்பத்திரண்டு அங்குலக் குழல். அந்தக் குழல் அடியில் தடித்து, நடுவில் மெலிந்து, வாயில் மறுபடி லேசாக விரியும். ஒரே பருமனான நேர்குழல் வாயை இழுத்துக்கொண்டு கீழே தொங்கும். இது கையில் நிற்கும். விலை மூவாயிரம் டாலருக்கு மேல். காத்திருப்பு ஒரு வருடத்தைத் தாண்டியது, இந்தத் தொழிலில் அது நீண்ட காலமே அல்ல.

கொண்டுவந்து நண்பர்களிடம் காட்டினால், "இவ்வளவு கொடுத்தும் ஒரு பூ வேலைகூட இல்லையா?" என்றார்கள். தங்கத்தில் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் பேரம் பேசும் சமூகம் நாம். மரத்தில் ஒருவர் உழைத்த கூலி மட்டும் கண்ணில் படாது.

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களில் நடப்பதைப் பார்த்துமா துப்பாக்கிப் பெருமை என்று கீழே சிலர் எழுதுவீர்கள், தெரியும். எனக்கும் பள்ளி போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது ஒரு முறை சுட்டால் மறுபடி மருந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் குண்டு வைத்து, கோலால் கெட்டித்து, குழலின் பக்கத்துளையான பற்றுவாய்க்கு வெளியே இருக்கும் கிண்ணியில் மருந்து இட்டு, கல் மாட்டிய குதிரையை இழுக்க வேண்டிய பொருள். என் கைக்கு ஒரு நிமிடம் ஆகும். என் வீட்டில் அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது, மருந்து வேறு இடத்தில். நான் மானையும் சுடுவதில்லை, காகித இலக்குதான். சுடுபவர்களைக் குறை சொல்லவும் இல்லை. 1974 முதல் இந்த மாநிலத்தில் ஃபிளின்ட்லாக்குக்கு என்றே தனி மான் வேட்டைப் பருவம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் பனியில் கிளம்பிப் போகிறவர்கள் என் அலுவலகத்திலேயே உண்டு.

இதைப் பற்றி எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பதினைந்து நிமிடம் பேசக் கேட்டேன். வன்முறை என்று மறுத்துவிட்டார்கள். அதே மேடையில் வீட்டுமனை விற்பவருக்கு முக்கால் மணி நேரம், பிறகு சினிமாப் பாட்டுக்கு நான்கு வயதுக் குழந்தைகளை அரிவாளோடு ஆடவிட்டார்கள். சாப்பாடு வந்தபோது மணி மூன்றரை, பொங்கல் ஆறிக் கல்லாகியிருந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சந்தா கட்டியவன் எங்காவது சொல்ல வேண்டுமே.

லாக்குக்கு வருகிறேன். பொறி சிக்கிமுக்கிக் கல்லிலிருந்து வருவதாகவே பலர் நினைக்கிறார்கள். எரிவது எஃகு. கல்லின் கூர்முனை எதிரே நிற்கும் எஃகுத் தகட்டைச் சீவ, அந்தச் சீவல்தான் பொறியாகக் கிண்ணியில் விழுகிறது. தகடு சரியாகப் பதமேறாமல் மெத்தென்று இருந்தால் எத்தனை உயர்ந்த கல் மாட்டினாலும் பயனில்லை. மலிவான துப்பாக்கியில் முதலில் கைவிடுவது இந்த இடம்தான். பற்றுவாய் கிண்ணியின் விளிம்போடு எந்த உயரத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். மிகக் கீழே இருந்து கிண்ணி மருந்து அதை அடைத்துவிட்டால், திரிபோல் மெதுவாக எரிந்து உள்ளே போகும், விசையை அழுத்தியதற்கும் வெடிப்பதற்கும் நடுவில் உங்கள் கை ஆடிவிடும். வாங்கும் முன் செய்தவர் முன்னாலேயே சுட்டுப் பாருங்கள். மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மருந்து விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். அசல் கறுப்பு வெடிமருந்து மட்டும். குழலுக்கு 3எஃப், கிண்ணிக்கு அதைவிட நுண்ணிய பொடியான 4எஃப். மாற்று மருந்துகள் பற்ற அதிகச் சூடு வேண்டும் என்பதால் ஃபிளின்ட்லாக்கில் பெரும்பாலும் சொதப்பும். நவீனத் துப்பாக்கிக்கான புகையில்லா மருந்தைப் போட்டால் குழல் வெடித்துவிடும். சுட்ட அன்றே சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி எண்ணெய் பூசவேண்டும். கரி ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும்.

விசாவில் இருப்பவர் இதை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. கூட்டாட்சிச் சட்டம் கறுப்பு மருந்தில் வாய்வழி கெட்டிக்கும் இவ்வகை ரைஃபிளைப் பழம்பொருள் வகையில் வைக்கிறது, ஆனால் மாநிலச் சட்டங்கள் மாறுபடும். விசாவில் இருப்பவர் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

கைப்பணம் குறைவு என்றால் கிப்ளர் கிட் போன்ற பாகத் தொகுப்பை வாங்கி நீங்களே சேர்த்து முடிக்கலாம். நல்ல லாக், நல்ல குழல். அரமும் பொறுமையும் இருந்தால் போதும். யாரிடம் செய்யக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றால், ஆகஸ்டில் கென்டக்கியின் லெக்ஸிங்டனில் தற்கால லாங்ரைஃபிள் சங்கத்தின் கண்காட்சி நடக்கும், செய்பவர்களே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பென்சில்வேனியாவின் நாசரேத் அருகே ஜேக்கப்ஸ்பர்கில் இருக்கும் லாங்ரைஃபிள் அருங்காட்சியகத்தையும் அதற்கு முன் பார்த்துவிடுங்கள். நீங்கள் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், லாக்கை இடப்பக்கம் வைத்துச் செய்துதருவார்கள். வலப்பக்க லாக்கில் இடக்கைக்காரர் கன்னம் வைத்தால் கிண்ணி நெருப்பு கண்ணுக்குப் பக்கத்திலேயே எழும்.