ஜெர்மனியில் என் மகனின் பள்ளியில் ஈட்வின்னிங் திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். இணையத்தில் ஏமாறாமல் இருக்க இது உண்மையிலேயே உதவுமா?

உதவும், ஆனால் பள்ளியின் சுற்றறிக்கையில் போட்டிருக்கும் காரணங்களுக்காக இல்லை.

நான் ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது இதில் சேர்ந்தாள். கூட்டாளிப் பள்ளிகளில் ஒன்று போர்ச்சுகல், இன்னொன்று எஸ்டோனியா. தெரியாதவர்களுக்கு: 2005-ல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கிய திட்டம் இது, இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்வித் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸின் கீழ் நடக்கிறது. யாரும் விமானம் ஏற வேண்டாம். இரண்டு மூன்று நாட்டு ஆசிரியர்கள் பேசிவைத்து, வெளியாட்கள் நுழைய முடியாத ஒரு தளத்தில் பிள்ளைகளைச் சேர்த்து வேலை வாங்குவார்கள். மூன்று நாட்டுக்கும் கடிகாரம் ஒவ்வொரு மணி நேரம் தள்ளி ஓடுவதால் முதல் வீடியோ கால் வெறும் இரைச்சலாகத்தான் போனது.

அப்புறம் சுறா வந்தது. வெள்ளம் சூழ்ந்த சாலையில் காருக்குப் பக்கத்தில் சுறா நீந்துமே, அந்தப் படத்தைப் போர்ச்சுகல் பிள்ளைகள் கொண்டுவந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு கயாக் படகின் பின்னால் வந்த சுறாவை தாமஸ் பெஷாக் எடுத்த படம் 2005-ல் வெளியானது. அதிலிருந்து சுறாவை மட்டும் வெட்டி ஒட்டி, 2011 ஐரீன் புயலுக்குப் புவெர்ட்டோ ரிக்கோ என்றும் 2017 ஹார்வி புயலுக்கு ஹூஸ்டன் என்றும் சுற்றவிட்டிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்து முடித்ததும், எஸ்டோனிய ஆசிரியர் 2022 இயன் புயலின்போது அமெரிக்காவின் ஃபோர்ட் மையர்ஸில் ஒரு வீட்டுக் கொல்லையில் பெரிய மீன் துள்ளும் வீடியோவைப் போட்டார். மொத்தக் கூட்டமும் பொய் என்று எழுதியது, என் மகளும்தான். அது உண்மையான வீடியோ! செய்தியாளர்கள் எடுத்தவரிடமே கேட்டு, எப்போது எங்கே எடுத்தது என்று சரிபார்த்திருந்தார்கள்.

வீட்டில் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எதையும் நம்பாதே என்பதுதான். அதை வைத்துக்கொண்டு அவளால் அந்த மீனைத் தாண்ட முடியவில்லை.

இன்னொன்று, யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. மூன்று பக்கமும் ஆங்கிலம் அரைகுறை. ஒரு பதில் எழுத ஐந்து நிமிடம் ஆகும், புரியாமல் திரும்பத் திரும்ப "நீ இதை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டுக்கேட்டு அதுவே பழக்கமாகிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து ஆச்சி குடும்பக் குழுவில், நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக ஒரு ஃபார்வர்டு போட்டார்கள், நானும் கைகூப்பி வைத்தேன். மகள் வந்து, "அப்பா, யுனெஸ்கோ இதை எங்கே சொல்லியிருக்கு?" என்றாள். தேடிப் பார்த்தால், பல வருடம் முன்பே அவர்கள் மறுத்த கதை. ஆச்சியிடம் யார் சொல்வது என்றுதான் எங்களுக்குள் சண்டை.

கேலி, மிரட்டல் பற்றி ஒரே ஒரு வகுப்புதான் நடந்தது. அதில் உருப்படியாகக் கிடைத்தது 116 111 என்ற குழந்தைகள் உதவி எண், மூன்று நாட்டிலும் அதே எண்தான். அதை இவளிடமிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன்.

சரி, இதெல்லாம் படித்தும் ஏமாறவில்லையா என்றால், ஏமாந்தாள். திட்டம் முடிந்து இரண்டு மாதத்தில், இலவச ஸ்கின் (விளையாட்டில் வரும் பாத்திரத்துக்கு மாட்டும் உடை) தருகிறேன் என்று வந்த ஒரு இணைப்பில் கடவுச்சொல்லைப் போட்டு விளையாட்டுக் கணக்கைப் பறிகொடுத்தாள். ஆனால் அன்று ராத்திரியே வந்து சொல்லிவிட்டாள். பழைய ஆளாக இருந்தால் ஒரு மாதம் மறைத்திருப்பாள்.

சேர்க்கும் முன் ஆசிரியரிடம், பிள்ளைகள் சேர்ந்து செய்யப்போகும் வேலை என்ன என்று கேளுங்கள். லோகோவுக்கு ஓட்டுப் போடுவதிலும் போஸ்டர் ஒட்டுவதிலுமே முக்கால்வாசி நாள் போகும் திட்டங்களும் உண்டு, அப்படியென்றால் பையன் அந்த நேரத்தில் கால்பந்து ஆடட்டும்.